மறு: அப்டக்‌ஷனுக்குத் தமிழ்ச் சொல்

> உய்த்தறிதல், தொகுத்தறிதல் இரண்டும் கையில் இருக்கின்றன. மூன்றாவதை ‘அருத்தாபத்தி’ என்று வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

ஐயா, வணக்கம்.

முடியாது என்றுதான் நினைக்கிறேன். விதியிலிருந்து முடிவுக்கு வருவது உய்த்தறிதல் (டிடக்‌ஷன்), கண்ட பலவற்றிலிருந்து பொதுவிதிக்கு வருவது தொகுத்தறிதல் (இண்டக்‌ஷன்), கண்டதற்கு நல்ல விளக்கத்தை ஊகிப்பது அப்டக்‌ஷன். ‘ஆய்க்குடி கங்கை இருக்கும்’ (ஆயர் குடியிருப்பு கங்கையில் இருக்கிறது) என்றால் கரையில் இருப்பதாகக் கொள்வதே மணிமேகலை சொல்லும் அருத்தாபத்தி. ஆற்றுக்குள் யாரும் குடியிருக்க முடியாது, வேறு பொருளுக்கு இடமே இல்லை. அப்டக்‌ஷனில் இடம் எப்போதும் உண்டு.

நம் சிங்கப்பூர்ப் புகையையே பாருங்கள். 24 மணி நேர பிஎஸ்ஐ (காற்று மாசுக் குறியீடு) 100-ஐத் தாண்டினால் காற்று ஆரோக்கியமற்றது, இன்று 120, ஆகவே இன்று ஆரோக்கியமற்றது. இது உய்த்தறிதல். 1997, 2013, 2015, 2019 என்று தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் புகைமூட்டம் வந்ததைப் பார்த்து, வறண்ட ஆண்டுகளில் இனியும் வரும் என்பது தொகுத்தறிதல். (பள்ளியில் படித்த ‘கணிதத் தொகுத்தறிதல்’ பெயரளவில்தான் தொகுத்தறிதல், உள்ளே நடப்பது உய்த்தறிதல்!)

இப்போது ஆகஸ்ட் மாத இரவு. ஜன்னலைத் திறந்தால் புகை வாடை. சுமத்ராவில் காடு எரிகிறதா? சீனர்கள் முன்னோருக்குக் காகிதம் எரிக்கும் ஏழாம் மாதமாயிற்றே, கீழே யாராவது காகிதம் எரிக்கிறார்களா? எட்டிப் பார்த்தால் இரும்புத் தொட்டியிலிருந்து சாம்பல் பறக்கிறது. ஒரு மணி நேர பிஎம் 2.5 (காற்றிலுள்ள நுண்துகள்) அளவோ இயல்பாக இருக்கிறது. சரி, காகிதம்தான் என்று ஜன்னலைச் சாத்துகிறோம். கண்டதை எது நன்றாக விளக்குகிறதோ அதை ஏற்கிறோம். நாளை வேறு தடயம் கிடைத்தால் கைவிடுவோம். இதுதான் அப்டக்‌ஷன்.

மணிமேகலையிலேயே ‘எச்சம்’ இன்னும் நெருக்கம்: வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்ததை அறிவது. திசை சரி. ஆனால் ‘நிச்சயித்து’ என்கிறார் சாத்தனார், அங்கேதான் உதைக்கிறது. அப்புறம், எச்சம் என்றால் இலக்கணம் படித்தவருக்கு ஒன்று, ஆர்ச்சர்ட் ரோட்டில் மைனாக்கள் அடையும் மரத்தடியில் நிற்பவருக்கு வேறொன்று.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் சார்லஸ் சாண்டர்ஸ் பர்ஸ் 1878-இல் அப்டக்‌ஷனைக் கருதுகோள் (ஹைபாதிசிஸ்) என்றே அழைத்தார். நமக்கு அது உதவாது. கருதுகோள் கிடைக்கும் பொருள். நாம் தேடுவது அதை எட்டும் செயலுக்கான பெயர்.

என் பரிந்துரை ‘விளக்கவூகம்’. உறுதியில்லை என்பதை ஊகம் சொல்லிவிடும், எதற்காக ஊகிக்கிறோம் என்பதை விளக்கம் சொல்லும். ‘விளக்க ஊகம்’ என்று பிரித்து எழுதினால் ‘விளக்க’ என்பதை ‘விளக்குவதற்கு’ என்று படித்துவிடுவார்கள், சேர்த்தே எழுதுவோம்.

கணினித்துறை நண்பர்கள் ‘விளக்கவூக முறை’, ‘விளக்கவூக நிரலாக்கம்’ என்று போட்டுப் பார்த்து எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.