பாரிஸ் டிஸ்னிலாந்தின் மரவீடு: அத்தையால் ஏற முடியுமா?

சேன்-ஆந்த்ரேயிலிருந்து: ஆகஸ்டில் பிள்ளைகளுடனும் முழங்கால் வலியுள்ள என் அத்தையுடனும் ரீயூனியன் தீவிலிருந்து பாரிஸ் டிஸ்னிலாந்துக்குச் செல்லவிருக்கிறோம். அங்குள்ள ராபின்சன் மரவீட்டில் அத்தை ஏற இயலுமா?

சேன்-தெனியிலிருந்து: வேண்டாம், அக்கா. 1992இல் பூங்காவுடன் திறக்கப்பட்ட அது, ஏறத்தாழ 27 மீட்டர் உயரமுள்ள செயற்கை மரம். முழுவதும் படிகளிலேயே ஏறி இறங்க வேண்டும். பிள்ளைகளை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள்: கதையில் கப்பலுடைந்து கரையேறிய ராபின்சன் குடும்பம் அமைத்துக்கொண்டதாகக் காட்டப்படும் சமையலறையையும் படுக்கையறைகளையும், நீரை மேலேற்றும் சக்கரத்தையும் நின்று நிதானமாகப் பார்ப்பதில்தான் அதன் இன்பமே இருக்கிறது.

சேன்-பியேரிலிருந்து: மரத்தின் வேர்களுக்கடியில் செல்லும் குகைவழியையும் தவறவிடாதீர்கள். மழை பெய்தால் படிகள் வழுக்கக்கூடும் என்பதால், பிடிப்புள்ள காலணி அவசியம்.

சேன்-ஆந்த்ரேயிலிருந்து: மிக்க நன்றி, தம்பி. பிள்ளைகளை அவர்களுடைய அப்பா அழைத்துச் செல்லட்டும். நான் அத்தையுடன் கீழே அமர்ந்துகொள்கிறேன்.