எல்.கே.ஜி. 25 சதவீத இடம்: மார்த்தாண்டம் பக்கம் கிடைக்குமா?

கேள்வி: மகளுக்கு வர்ற ஜூலை 31-க்குள்ள மூணு வயசு முடியும். நாங்க பி.சி., ஆனா வருமானம் வருஷம் 2 லட்சத்தைத் தாண்டும். தனியார் பள்ளியில 25 சதவீத இடத்தை இலவசமாத் தர்ற கட்டாயக் கல்விச் சட்டத்துல பெரிய மெட்ரிக் பள்ளியில போடலாமா?

பதில் 1: போடலாம். 2 லட்ச வருமான வரம்பு பொருளாதாரத்துல நலிவடைந்த பிரிவுக்குத்தான். பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. எல்லாம் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு. வருமானச் சான்றுக்குப் பதிலா சாதிச் சான்று போதும்.

பதில் 2: அதுக்கு முன்னால பள்ளி சிறுபான்மை நிறுவனமான்னு கேளுங்க. 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி அவங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. நம்ம மாவட்டத்துல கிறிஸ்தவ சபையும் மறைமாவட்டமும் நடத்துற பள்ளிகள் நிறைய. பேர் பெரிசுன்னு அலைஞ்சா பஸ் காசுதான் வீண்.

பதில் 3: வீட்டுல இருந்து பள்ளி 1 கி.மீ. தூரத்துக்குள்ள இருக்கணும். விண்ணப்பத்துல வரைபடப் புள்ளியை வீட்டுக் கூரை மேலேயே வைங்க. ஜங்ஷன்ல வச்சா தூரக் கணக்கு மாறிரும். பிறப்புச் சான்றுல பிள்ளை பேர் ஏறியிருக்கா? ஆதார்ல இனிஷியல் முன்னால, சான்றுல பின்னால இருந்தா இப்பவே திருத்துங்க. இடத்தைவிட விண்ணப்பம் கூடினா குலுக்கல்தான், முதல்ல போட்டதுக்குச் சலுகை இல்லை.

கேள்வி கேட்டவர்: பேர் ஏறலை அண்ணே. நாளைக்கே நகராட்சிக்குப் போறேன்.