சமவெளியில் டேலியா: கோடை முழுவதும் கிழங்கைக் காப்பது எப்படி?

வடவள்ளி மாடித்தோட்டம், கோயம்புத்தூர்

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாக மொட்டை மாடியில் தொட்டிகளில் டேலியா வளர்த்து வருகிறேன். பூப்பதில் பெரிய குறை இல்லை. நவம்பர் முதல் வாரத்தில் கிழங்கை நட்டால் ஜனவரி கடைசியில் முதல் மொட்டு விரிந்துவிடுகிறது. செடிதான் முழங்கால் உயரத்தைத் தாண்டுவதில்லை. சிக்கல் பூ முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. நான் படித்த குறிப்புகள் எல்லாம் பனிக்காலத்தில் கிழங்கை உறையாமல் காப்பதைப் பற்றியே பேசுகின்றன. நமக்கோ பனிக்காலம்தான் பூக்கும் காலம். மார்ச் முதல் ஆகஸ்ட் வரையிலான ஆறு மாதங்களை எப்படிக் கடத்துவது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

முதல் ஆண்டு கிழங்குகளைக் கழுவி, நிழலில் உலர்த்தி, செய்தித்தாளில் சுற்றிப் பரணில் வைத்தேன். ஜூனில் எடுத்தபோது வற்றல் போலச் சுருங்கி, ஒடித்துப் பார்த்தால் நார் மட்டுமே மிஞ்சியிருந்தது. அதற்குப் பயந்து அடுத்த ஆண்டு ஈரமான தென்னைநார்த் தூளில் புதைத்து, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தேன். ஒரே மாதத்தில் பெரும்பாலானவை அழுகிவிட்டன. ஒவ்வோர் ஆண்டும் தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டை வைத்தே மறுபடி தொடங்கி வந்தேன்.

இந்த ஆண்டு தோண்டவே வேண்டாம் என்று முடிவு செய்து, தண்டை வெட்டிவிட்டுத் தொட்டியிலேயே விட்டேன். மண் அடியோடு காய்ந்துவிடக் கூடாது என்று வாரத்துக்கு இரண்டு முறை கொஞ்சம் தண்ணீரும் ஊற்றினேன். நடுவில் கோடை மழையும் நன்றாகப் பெய்தது. நேற்று தொட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தேன். கட்டைவிரலால் அழுத்தினால் தோல் வழுக்கிக்கொண்டு வருகிறது. உள்ளிருந்து பழுப்பு நீர் கசிகிறது. தண்டும் கிழங்கும் சேரும் இடத்தில் பஞ்சு போன்ற வெள்ளை நூல் படர்ந்து, அதன் நடுவே கடுகு அளவில் பழுப்பு உருண்டைகள் ஒட்டியிருக்கின்றன. ஏதேனும் பூச்சியின் முட்டையா என்று தெரியவில்லை.

ஒன்பது தொட்டிகளில் ஒரே ஒரு தொட்டியில், கொத்திலிருந்து தனியாகப் பிரிந்த இரண்டு கிழங்குகள் மட்டும் கெட்டியாக இருக்கின்றன. ஒன்று நல்ல பருமன். மற்றொன்று சுண்டுவிரல் அளவே இருக்கும். இது என் மாமியார் ஊட்டியிலிருந்து கொண்டுவந்து தந்த கருஞ்சிவப்பு ரகம். அவர் இப்போது இல்லை. இந்த இரண்டிலிருந்தாவது செடியை மீட்க முடியுமா? அடுத்த கோடையில் இதே தவறு நேராமலிருக்க நான் செய்ய வேண்டியது என்ன?


செம்மண் தொட்டி, சென்னை

வணக்கம் அம்மா. முதலில் அந்தக் கடுகு உருண்டைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். அவை முட்டைகள் அல்ல. ஸ்கிளிரோஷியம் ரோல்ஃப்சி என்னும் பூசணத்தின் உறங்குநிலை உருண்டைகள். நிலக்கடலையில் தண்டழுகலை உண்டாக்குவதும் இதே பூசணம்தான். தக்காளி, மிளகாய் என எதையும் அது விட்டுவைக்காது. சூடும் ஈரமும் சேர்ந்தால் வேகமாகப் பரவும். உருண்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே அந்தத் தொட்டிகளின் மண்ணை வேறு எதற்கும் கலக்காதீர்கள், மக்கு உரக் குழியிலும் போடாதீர்கள். தனியே ஒரு சாக்கில் கட்டி வைத்து, அடுத்த ஏப்ரலில் மண்ணை நனைத்துத் தரையில் மெல்லிதாகப் பரப்பி, நிறமற்ற பாலித்தீன் விரிப்பால் காற்றுப் புகாமல் மூடி, நான்கு முதல் ஆறு வாரம் வெயிலில் விடுங்கள். காலித் தொட்டிகளையும் கழுவி வெயிலில் காயவிடுங்கள்.

இனி, ஏன் இப்படி நடந்தது என்பதைப் பார்ப்போம். டேலியாவின் தாயகம் மெக்சிகோவின் மேட்டுநிலம். அங்கே மே முதல் அக்டோபர் வரை மழை. அப்போதுதான் செடி வளர்ந்து பூக்கும். பிறகு வரும் பருவம் வறண்டதும் குளிர்ந்ததுமாக இருக்கும். அந்த வறட்சியைத் தாங்குவதற்காகவே அது கிழங்கு வைக்கிறது. அதாவது கிழங்குக்கு ஓய்வு என்றால் வறட்சியும் குளிர்ச்சியும் சேர்ந்து வர வேண்டும். நம் சமவெளியில் அதன் ஓய்வுக்காலம் மிகச் சூடான மாதங்களில் வந்து விழுகிறது. சூட்டோடு வறட்சி சேர்ந்தால் வற்றிப்போகிறது, சூட்டோடு ஈரம் சேர்ந்தால் அழுகிப்போகிறது. உங்கள் பரணும் டப்பாவும் தொட்டியும் இந்த இரண்டில் ஒன்றாகவே முடிந்திருக்கின்றன. வாரத்துக்கு இரண்டு முறை ஊற்றிய தண்ணீர்தான் இந்த ஆண்டு கெடுத்தது என்று நினைக்கிறேன். இலையில்லாத கிழங்கு அந்தத் தண்ணீரைக் குடிக்காது.

மிஞ்சிய இரண்டையும் நடுவதற்கு முன் கையில் எடுத்து நன்றாகப் பாருங்கள். உருளைக்கிழங்கைப் போல டேலியாவுக்கு உடம்பெல்லாம் கண் இருக்காது. பழைய தண்டின் அடிப்பகுதி ஒட்டியிருக்கும் இடத்தில், கிழங்கின் கழுத்துக்கு மேல் மட்டுமே முளைக்கண் இருக்கும். பார்ப்பதற்கு எவ்வளவு கொழுத்த கிழங்காக இருந்தாலும், அந்தத் தண்டுத் துணுக்கு ஒட்டாமல் கழுத்தோடு ஒடிந்து வந்திருந்தால் அது வேர் விடும், மாதக்கணக்கில் கெட்டியாகவும் இருக்கும், ஆனால் ஒருபோதும் முளைக்காது. சுண்டுவிரல் கிழங்கில் தண்டுத் துணுக்கு இருந்தால் அதுவே உங்கள் செடி.

எனக்குப் பலித்த முறையைச் சொல்கிறேன். இலை மஞ்சளாகத் தொடங்கியதும் தண்ணீரைப் படிப்படியாகக் குறைத்து, தண்டு முழுதும் காய்ந்த பின் கொத்தைப் பிரிக்காமல் எடுக்கிறேன். கழுவுவதில்லை, மண்ணை உதறுவதோடு சரி. இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்த்தி, மண்பானையில் உலர்ந்த ஆற்றுமணலும் தென்னைநார்த் தூளும் பாதிப்பாதி கலந்து அதில் புதைத்து, வாயைத் துணியால் கட்டி, வீட்டின் கீழ்த்தளத்தில் வடக்குச் சுவரோரம் வைக்கிறேன். மொட்டை மாடி அறையோ பரணோ வேண்டவே வேண்டாம். கோடையில் வீட்டிலேயே அதிகம் சூடாவது பரண்தான். மாதம் ஒரு முறை கையை விட்டுப் பார்ப்பேன். தோல் சுருங்கத் தொடங்கியிருந்தால் மணலின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பேன். மெத்தென்று இருந்தால் அந்தக் கிழங்கை வெட்டி எறிந்துவிடுவேன். பத்தில் ஆறு தப்பினால் எனக்கு மகிழ்ச்சி.


ராகி முத்து, பெங்களூரு

மண்பானை முறை சென்னையின் கீழ்த்தளத்தில் பலித்திருக்கலாம்; ஆனால் இருப்பதே ஒரு கிழங்கு என்னும்போது நான் அதை நம்ப மாட்டேன். கிழங்கு நன்றாக உறங்க 4 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்ச்சி வேண்டும். நம் வீடுகளில் அது கிடைக்கும் ஒரே இடம் குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டு. அதில் ஒரு குறை உண்டு: உள்ளே காற்று மிகவும் வறண்டிருக்கும், திறந்து வைத்த கிழங்கு சில வாரங்களில் சுருங்கிவிடும். அதனால் கிழங்கு நன்றாக உலர்ந்த பின், ஒவ்வொன்றையும் தனித்தனியாக, உணவுப் பொருள்களை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றி வையுங்கள். ஒன்று அழுகினாலும் பக்கத்திலிருப்பதற்குத் தொற்றாது. உறைநிலைப் பகுதிக்கு அருகில் மட்டும் வைக்காதீர்கள். ஒரு முறை உறைந்தால் கிழங்கு கூழாகிவிடும்.

நீங்கள் போகிறபோக்கில் சொன்ன முழங்கால் உயரத்தைப் பற்றியும் எழுத வேண்டும். பகல் பொழுது பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கீழே குறையும்போது டேலியா உடம்பை வளர்ப்பதை நிறுத்திவிட்டுப் பூப்பதிலும் கிழங்கு வைப்பதிலும் இறங்கிவிடும். கோவையில் டிசம்பரில் பகல் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம்தான். நவம்பரில் நட்ட செடி முளைத்து நான்கு இலை விடுவதற்குள்ளேயே அதற்கு அந்தக் கட்டளை வந்துவிடுகிறது. ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ நட்டுவிட்டால் நிறைய வளர்ந்த பிறகு பூக்கும். வடகிழக்குப் பருவமழைக்குத் தொட்டியைக் கூரையோரம் நகர்த்த இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சென்னையில் இது முடியாது. அங்கே நவம்பர் மழை ஓய்ந்த பின் நடுவதே பாதுகாப்பு.

உரத்திலும் கவனம் தேவை. தழைச்சத்து மிகுந்த உரம் போட்டு வளர்த்த செடியின் கிழங்கு நீர்த்துப்போய், சேமிப்பில் முதலில் அழுகும். மொட்டு வைத்த பிறகு தொழு உரத்தையும் பிண்ணாக்குக் கரைசலையும் நிறுத்திவிட்டு, எலும்புத்தூளும் கொஞ்சம் மரச்சாம்பலும் மட்டும் கொடுங்கள்.


சோலைக்காடு, கொடைக்கானல்

எங்கள் ஊர் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே டேலியாவை யாரும் தோண்டிச் சேமிப்பதில்லை. தாழ்ந்த இடங்களில் ஜனவரி உறைபனி விழுந்தால் ஒரே இரவில் இலை கருகித் தொங்கும். மண்ணுக்குள் கிழங்கு பத்திரமாக இருந்து, கோடை மழைக்கு மறுபடி துளிர்க்கும். ஆகவே சேமிப்பைப் பற்றி எனக்கு அனுபவம் குறைவு. ஆனால் பதியம் போட்டுப் பெருக்குவதை என் அம்மாவிடம் கற்றேன். உங்கள் மாமியாரின் ரகத்துக்கு அதுதான் வழி என்று தோன்றுகிறது.

கண் உள்ள அந்தக் கிழங்கை இப்போதே முளைக்க வையுங்கள். சிறிய தொட்டியில், கழுத்து மண்ணுக்கு மேலே தெரியும்படி, படுக்கை வாக்கில் வைத்தால் போதும். முளை மூன்று அங்குலம் வளர்ந்து இரண்டு மூன்று இணை இலை விட்டதும், அடிக் கணுவைக் கிழங்கிலேயே விட்டுவிட்டு அதற்கு மேலே கூரிய பிளேடால் வெட்டுங்கள். விட்ட கணுவிலிருந்து மேலும் இரண்டு முளை வரும். வெட்டிய துண்டில் கீழ் இலைகளை நீக்கி, ஈரமணலில் நட்டு, நிழலில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். வெட்டுவாயைப் பாருங்கள்: உள்ளே பச்சையாக நிறைந்திருந்தால் வேர் வரும், புல்லாங்குழல் போல ஓட்டையாக இருந்தால் முற்றிவிட்டது, அது அழுகும். இப்படியே செப்டம்பருக்குள் ஒரு கிழங்கிலிருந்து ஐந்தாறு செடிகள் எடுத்துவிடலாம்.

அவற்றில் இரண்டை மட்டும் பெரிய தொட்டிக்கு மாற்றாமல், நான்கு அங்குலத் தொட்டியிலேயே பருவம் முழுவதும் விட்டுவையுங்கள். இடம் நெருக்கமாக இருப்பதால் பூ பெரிதாக வராது. ஆனால் அடியில் நெல்லிக்காய் அளவில் சின்னஞ்சிறு கிழங்குகள் கழுத்தொடியாமல் கொத்தாக உருவாகும். சேமிப்பதற்கு இவையே சிறந்தவை. தொட்டியோடு காயவிட்டு, மழை படாத, குளிர்ந்த மூலையில் அப்படியே வைக்கலாம், அல்லது பெங்களூரு நண்பர் சொன்னது போலக் குளிரில் வைக்கலாம். பெரிய கொத்தைக் காப்பாற்றப் போராடுவதைவிட இது எளிது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். முளைத்து வரும் இலையில் நரம்பை ஒட்டி வெளிர்மஞ்சள் தேமல் தெரிந்தால், அது தேமல் நச்சுயிரியாக இருக்கலாம். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகள் அதைச் செடிக்குச் செடி கடத்தும். அதற்கு மருந்து கிடையாது. பதியன்களிலும் அது தொடரும். அப்படித் தெரிந்தால், மனம் வராவிட்டாலும், அந்தச் செடியைப் பெருக்காதீர்கள்.


வடவள்ளி மாடித்தோட்டம், கோயம்புத்தூர்

மூவருக்கும் மிக்க நன்றி. படித்த உடனே கிழங்குகளை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பருத்த கிழங்கின் கழுத்து மழுங்கலாக, மொட்டையாக இருக்கிறது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. சுண்டுவிரல் கிழங்கில் பழைய தண்டின் தோல் ஒரு நகக்கீற்று அளவுக்கு ஒட்டியிருக்கிறது. அதன் ஓரத்தில், குண்டூசித் தலையில் பாதி அளவில், இளஞ்சிவப்பாக ஒரு மேடு இருக்கிறது. அதுதான் கண்ணா? நான் பெரியதை வைத்துக்கொண்டு இதை எறிந்துவிட இருந்தேன்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். இந்தக் கிழங்கும் அதே நோயுற்ற தொட்டியில் இருந்ததால், நடுவதற்கு முன் ஏதாவது செய்ய வேண்டுமா? ஜூனில் முளைக்க வைத்தால் அது இப்போதே பூத்துக் கிழங்கு வைத்துவிடாதா?


செம்மண் தொட்டி, சென்னை

அதுதான் கண், அம்மா. அதில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய மண்ணை மென்மையான தூரிகையால் அகற்றிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சூடோமோனாஸ் (நோய்ப் பூசணத்தை அடக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள்) கரைத்து, அரை மணி நேரம் கிழங்கை நனைத்து, நிழலில் உலர்த்திய பிறகு நடுங்கள். மண் முழுதும் புதிதாக இருக்கட்டும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய மண்புழு உரம், அதோடு டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூசணம் கலந்த தொழு உரம் ஒரு கைப்பிடி. முளை மண்ணுக்கு மேல் விரலளவு வரும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டாம். நடும்போது இருக்கும் ஈரமே போதும். மண் வெளுத்துவிட்டால் தொட்டியின் ஓரமாக இரண்டு தேக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம்.


ராகி முத்து, பெங்களூரு

இரண்டாவது சந்தேகத்துக்கு: ஜூனில் பகல் நீளமாக இருப்பதால் உடனே கிழங்கு வைக்காது. இருந்தாலும் தாய்ச்செடியைப் பூக்காமல் இலை விட்டுக்கொண்டே இருக்கச் செய்ய, சூரியன் மறைந்த பிறகு இரண்டு மூன்று மணி நேரம் ஒரு எல்இடி விளக்கை அதன்மேல் எரியவிடுங்கள். மதிய வெயிலுக்கு 50 சதவீத நிழல்வலையும், தொட்டியின் மேல் காய்ந்த இலை மூடாக்கும் அவசியம். சுடுகிற சிமெண்டுத் தளத்தில் நேரடியாக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். முதல் பதியன் எடுக்கும்போது வெட்டுவாயைப் படம் பிடித்து இங்கே போடுங்கள். நிறைந்திருக்கிறதா, ஓட்டையா என்று பார்த்துச் சொல்கிறோம்.