கிளேரை நேசிக்க வேண்டுமானால் அவள் செய்ததை மறந்தாக வேண்டுமா?

வெள்ளவத்தை வாசகி எழுதியது:

வணக்கம். வெள்ளவத்தையில் சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் நான்கு பெண்கள் கூடி, பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான காதலைச் சொல்லும் யூரி மங்காக்களை, அதாவது ஜப்பானியப் படக்கதைகளை, வாசித்துக் கலந்துரையாடி வருகிறோம். இப்போது வாசிப்பது, இனோரியின் நாவலைத் தழுவி ஆவோனோஷிமோ வரைந்து, 2020 முதல் ‘கொமிக் யூரி ஹிமே’ இதழில் தொடராக வந்த ‘வத்தாஷி நோ ஓஷி வா அக்குயாக்கு ரெய்ஜோ’. அலுவலக வேலையில் களைத்துப்போன ஜப்பானியப் பெண் ஒருத்தி, தான் விரும்பி விளையாடிய காதல் காணொளி விளையாட்டின் நாயகி ரே டெய்லராகக் கண்விழிக்கிறாள். மூன்று இளவரசர்களில் ஒருவரை அவள் விரும்பவேண்டும் என்பது விளையாட்டின் ஏற்பாடு. அவள் மனமோ, தன்னை ஓயாமல் இழிவுபடுத்தும் பிரபு வீட்டு மகள் கிளேர் பிரான்சுவாவிடமே போகிறது.

சென்ற வாரம், கிளேரின் ஏளனத்தைக் கேட்டு ரே பூரித்துப்போய் நிற்கும் ஒரு பக்கத்தில் நாங்கள் மூவர் வாய்விட்டுச் சிரித்தோம். நான்காமவர் சிரிக்கவில்லை. இரண்டு விரல்களால் திரையிலிருந்த படத்தைப் பெரிதாக்கி, ரேயைத் தாண்டி, கிளேரின் பின்னால் நின்று சிரிக்கும் மாணவிகளின் முகங்களை எங்களுக்குக் காட்டினார். அவர் ஆண்டு 9 இல் படித்தபோது, தோழி ஒருத்தியை நினைத்துத் தம்முடைய கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்திருந்த நான்கு வரிகளை இன்னொரு மாணவி எடுத்து, வகுப்பு முழுவதும் கேட்கும்படி வாசித்தாளாம். “ரேக்கு வலிக்கவில்லை என்பதற்காகக் கிளேர் செய்தது கொடுமை இல்லை என்று ஆகிவிடுமா?” என்று கேட்டார். எங்கள் ஒருவரிடமும் பதில் இருக்கவில்லை.

நான் கிளேரை உண்மையாகவே நேசிக்கிறேன். அதனால்தான் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. தீமை செய்த ஒருத்தியைக் காதல்கதையின் நாயகியாக்கும்போது, அவள் செய்ததை என்ன செய்வது? அனுபவமுள்ள வாசகர்கள் விரிவாகவே எழுதுங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒருவர் எழுதியது:

சகோதரி, முதலில் அந்தத் தலைப்பிலுள்ள ‘அக்குயாக்கு ரெய்ஜோ’ என்ற சொல்லைப் பார்ப்போம். ‘அக்குயாக்கு’ என்பது தீய பாத்திரம், அதாவது மேடையில் ஒருவர் ஏற்கும் தீய வேடம். ‘ரெய்ஜோ’ என்பது பெரிய வீட்டு மகள். நம்முடைய கூத்தில் வேடம் கட்டியவரையும் வேடத்தையும் ஊர் வேறுவேறாக அறிந்திருப்பதுபோல, இந்தப் பெயரிலேயே அந்த இடைவெளி இருக்கிறது. வில்லியை நாயகியாக்கும் இவ்வகைக் கதைகளில் பல அந்த இடைவெளியை மிக எளிதாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. நாயகி நல்லவள், வில்லி என்ற பெயர் மட்டும் அவள்மேல் ஏற்றப்பட்டது என்று தொடங்கினால், நீதியைப் பற்றிய கேள்வியே எழாது. 2020 இல் அனிமேயாக வந்த கத்தரினா கிளேஸின் கதை அப்படித்தான்: முன்பிறவி நினைவு வந்த கணத்திலிருந்து அவள் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. இனிமையான கதைதான், ஆனால் உங்கள் தோழி கேட்ட கேள்விக்கு அதில் இடமில்லை.

கிளேர் அப்படிப்பட்டவள் அல்லள். ஏளனத்தை அவள் தானே செய்கிறாள், அது தன் பிறப்புரிமை என்று நம்பியே செய்கிறாள். இங்கே கதையின் பின்பகுதியைச் சொல்லவேண்டியிருக்கிறது. வாசிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தவிர்த்துவிடுங்கள். மூல நாவலின் இரண்டாம் தொகுதியில் புரட்சி வெடித்துப் பிரபுக்களின் ஆட்சி சரியும்போது, கிளேர் தப்பியோட மறுக்கிறாள். மக்களின் உழைப்பில் வாழ்ந்த குலத்தில் பிறந்தவள் அதற்கான பொறுப்பையும் ஏற்கவேண்டும் என்று சொல்லி, மரண தண்டனைக்குத் தானே முன்வருகிறாள். ரேயின் காதல் அவளைக் குற்றமற்றவள் ஆக்கிவிடவில்லை என்பதுதான் என்னை இந்தக் கதையில் கட்டிப்போட்டது. நேசிக்கப்பட்ட பிறகுதான் அவளால் தன் கணக்கைத் திறந்து பார்க்க முடிகிறது.

இவ்வகை நாயகி நமக்கு அந்நியமானவள் அல்லள். கல்கியின் நந்தினியை எல்லோரும் சொல்வார்கள்; என் மனத்துக்கு இன்னும் நெருக்கமானவள் குண்டலகேசி. கொலைக்களத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட கள்வனைக் கண்டு காதலித்து மணந்தவள், அவனே ஒருநாள் தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துவந்தபோது, இறக்குமுன் உம்மை மூன்றுமுறை வலம்வர வேண்டும் என்று கேட்டு, பின்புறம் வந்ததும் தள்ளிவிடுகிறாள். அந்தக் காப்பியத்தில் இன்று எஞ்சியிருப்பவை 19 செய்யுள்களே. கதையை நீலகேசி உரையின் வழியாகத்தான் அறிகிறோம். தன்னைக் காத்துக்கொள்ளச் செய்த செயல்தான் அது. ஆயினும் மலையிலிருந்து இறங்கியவள் பழைய வாழ்க்கைக்குத் திரும்பாமல் துறவுக்கே போகிறாள். கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் அதை முதன்முறை வாசித்த பிற்பகலில், அவள் அந்த மூன்றாவது சுற்றில் எடுத்துவைத்த அடிகளைப் பற்றியே நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

தெகிவளை எழுதியது:

மேலே எழுதியவரோடு ஓர் இடத்தில் உடன்படமாட்டேன். கிளேர் முன்வந்து ஏற்பது ஒரு குலத்தின் குற்றத்தை. ஒரு வகுப்பறையில் ஒரு மாணவியை மற்றவர்கள் முன்னால் குறுகவைத்த குற்றம் அதைவிடச் சிறியது, ஆனால் முழுக்க முழுக்க அவளுடையது. பெரிய பழியைச் சுமக்க முன்வருவதால் சிறிய பழி தானாகத் தீர்ந்துவிடாது.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கதையில் உண்மையிலேயே நல்லவள் என்றோ கெட்டவள் என்றோ வகுக்கக் கடினமானவள் ரேதான் என்பது என் கருத்து. கிளேரின் வருங்காலம் முழுவதும் அவளுக்குத் தெரியும். கிளேருக்கோ ரேயைப் பற்றி ஒன்றும் தெரியாது. வேண்டாம் என்று கிளேர் சொல்லச் சொல்லப் பின்தொடர்ந்து, அவள் வீட்டிலேயே பணிப்பெண்ணாகவும் சேர்ந்துவிடுகிறாள். இதையே ஓர் ஆண் பாத்திரம் செய்திருந்தால் நாம் சிரித்திருப்போமா என்று உங்கள் வட்டத்தில் பேசிப்பாருங்கள். இதே ஆசிரியர் கிளேரின் பார்வையிலிருந்தும் கதையைத் தனித் தொடராகத் திரும்பச் சொல்லியிருக்கிறார். என்னைப் பொறுத்தவரை இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிப்பதே நியாயமான வாசிப்பு.

கொட்டாஞ்சேனை அக்கா எழுதியது:

தங்கைமாரே, நான் உங்கள் எல்லோரையும்விட வயதில் மூத்தவள்; இந்தக் கதைகளுக்கு ஐம்பதைத் தாண்டியபின் வந்து சேர்ந்தவள். வில்லி நாயகிகள் எனக்கு ஏன் தேவைப்படுகிறார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

பெண்கள் பெண்களை நேசிக்கும் ஜப்பானியக் கதைகள் நெடுங்காலம் ஒரே நிபந்தனையோடுதான் அனுமதிக்கப்பட்டன. 1916 இல் யோஷியா நொபுக்கோ எழுதத் தொடங்கிய ‘ஹனா மொனொகத்தாரி’ கதைகளின் வழியில் வளர்ந்த மரபில், மாணவியர் இருவரின் அன்பு பூவைப்போல் தூய்மையாக இருந்து, பள்ளிப் பருவத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடும். முதல் யூரி மங்கா என்று பலர் குறிப்பிடும், 1971 இல் யாமகிஷி ரியோக்கோ வரைந்த கதையிலும் இருவரில் ஒருத்தி இறந்துபோகிறாள். தூய்மையாக இருந்தால் பிரிவு, கட்டுமீறினால் சாவு. 1997 இல் வந்த ‘உத்தேனா’ தொலைக்காட்சித் தொடரில் அன்தியைக் கண்டபோதுதான் எனக்கு மூச்சு விடமுடிந்தது. தன்னைக் காக்கப் போராடும் உத்தேனாவின் முதுகில் வாளைச் செருகுபவள் அவள். அந்த இடத்தை நான் பார்த்தபோது கையிலிருந்த கைத்தொலைபேசியை மடியில் கவிழ்த்துவிட்டேன். அவ்வளவுக்கும் பிறகு, அன்தி தன் காலால் அந்தப் பள்ளியின் வாசலைத் தாண்டி உத்தேனாவைத் தேடிப் போகிறாள். துரோகம் செய்தவளுக்கும் நாளை என்று ஒன்று இருக்கிறது.

நமது நாட்டின் தண்டனைச் சட்டக் கோவை 1883 ஆம் ஆண்டினது. ஒருபாலுறவைக் குற்றமாக்கும் அதன் 365அ பிரிவு ஆண்களை மட்டுமே குறித்திருந்தது; 1995 இல் செய்த திருத்தத்தில் ‘ஆண்’ என்ற இடத்தில் ‘ஆள்’ என்று வந்ததால் பெண்களும் அதற்குள் அடக்கப்பட்டார்கள். அதை நீக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது 2023 மே மாதத்தில். இத்தகைய சூழலில் வளர்ந்த நான், யாருக்கும் ஒரு கெடுதியும் செய்யாமலே வில்லி வேடம் கட்டப்பட்டு நின்றவள். ஆகவே ஒருத்தியை அவளுடைய காதலுக்காக அல்லாமல், அவள் உண்மையில் செய்த தவறுக்காக மட்டும் கண்டிக்கும் கதையை வாசிக்கும்போது எனக்கு மரியாதை கிடைத்ததுபோல் இருக்கிறது. கிளேரைக் கண்டியுங்கள், தவறில்லை. எதற்காகக் கண்டிக்கிறோம் என்பதில் மட்டும் கவனமாக இருங்கள்.

அந்த நான்காமவர் எழுதியது:

கொப்பியைப் பற்றிச் சொன்னவள் நான்தான். வாசகி என் சம்மதத்துடனேயே அதை எழுதினார்.

அக்கா, உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன். அந்த நான்கு வரிகளில் சொற்பிழை இருந்தது என்றோ கவிதை சரியில்லை என்றோ அன்று யாரும் சிரிக்கவில்லை. அவை ஒரு பெண்ணுக்கு எழுதப்பட்டிருந்தன என்பதற்காகவே சிரித்தார்கள். நீங்கள் பிரித்துக் காட்டிய இரண்டும் எனக்கு அன்று ஒரே வகுப்பறையில் நடந்தன. வாசித்துக் காட்டியவளுக்குத் தண்டனை கிடைக்கவேண்டும் என்று நான் ஒருபோதும் விரும்பியதில்லை. அவள் இன்று யாரையாவது நேசித்துக்கொண்டிருக்கலாம், நன்றாகவும் இருக்கலாம். அதேபோல் கிளேர் மரண தண்டனைக்கு முன்வருவதிலும் எனக்கு நிறைவில்லை. தெகிவளையில் இருந்து எழுதியவர் சொன்னதுபோல, அந்தச் சிறிய கணக்குத்தான் எனக்கு வேண்டும்: தான் குறுகவைத்த ஒருத்தியின் பெயரை, யாரும் கேட்காமலே, கிளேர் ஒருமுறை நினைத்துப்பார்க்கும் ஒரே ஒரு கட்டம்.

கிளேரின் பார்வையில் சொல்லப்பட்ட தொடரை வருகிற சனிக்கிழமை தொடங்குகிறோம். அந்தக் கட்டத்தை அதில் தேடுவேன். அதற்கிடையில் ஒன்று கேட்கிறேன். தீங்கு செய்தவள் மனதார வருந்தி வந்து நிற்க, தீங்குக்கு ஆளானவள் “உன்னை மன்னிக்க எனக்கு மனமில்லை” என்று சொல்லிவிட்டு, அதன் பிறகும் கதையில் மதிப்போடு தொடர்ந்து வாழும் யூரி மங்கா எதையாவது யாரேனும் வாசித்திருக்கிறீர்களா?