மறு: ரிச், லீன் கலவைக்குத் தமிழ்ச்சொல் – ‘நீர்த்த’ மட்டும் வேண்டாங்க

எல்லாருக்கும் வணக்கம்,

வண்டிச் சொற்களுக்குத் தமிழ்ப் பட்டியல் போடுற இந்த இழையை ரெண்டு நாளா படிச்சுட்டே இருக்கேன், எழுதத்தான் நேரம் கிடைக்கல. பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற கார்ப்பரேட்டருக்கே தமிழ்ப்பேர் வேணுமா வேணாமாங்குற சண்டைக்கு நான் வரல, அது கார்ப்பரேட்டராவே இருந்துட்டுப் போகட்டும். எனக்கு இடிக்கிறது இந்த வரிதான்:

> ரிச் மிக்சர் = செறிந்த கலவை, லீன் மிக்சர் = நீர்த்த கலவை. பாடநூல்லயே இருக்கு, புதுசா எதுக்கு?

பாடநூல்ல இருக்கிறது அமிலத்துக்குங்க. தண்ணி ஊத்தினா நீர்த்த அமிலம், பொருத்தமான சொல்லு. ஆனா ரிச்னா காத்துக்குப் பெட்ரோல் ஜாஸ்தி, லீன்னா காத்து ஜாஸ்தி பெட்ரோல் கம்மி, அங்க தண்ணிக்கு என்ன வேலை? சரி சொல்லுதானேன்னு விட்டுடலாம்னா பெட்ரோல்ல தண்ணி கலக்குறதுன்னு தனியா ஒரு கோளாறு நிஜமாவே இருக்கு. டேங்க் மூடி ரப்பர் போயி மழைத்தண்ணி இறங்கிடும், தண்ணி பெட்ரோலைவிட கனம்ங்குறதால அடியில போய், கார்ப்பரேட்டர்ல பெட்ரோல் தேங்கி நிக்கிற கிண்ணமான ஃப்ளோட் சேம்பர்ல உக்காந்துக்கும், வண்டி நாலடி ஓடி நாலடி நிக்கும். இப்ப எத்தனால் கலந்து வர்றதால இன்னும் மோசம், எத்தனால் ஈரத்தை இழுத்து வச்சுக்கிட்டு அளவு மீறினா தண்ணியோட சேர்ந்து தனியா பிரிஞ்சு கீழ இறங்கிடும். இதுக்கு வைத்தியம் டேங்க்கையும் சேம்பரையும் வடிச்சு விடுறது. லீனுக்கு வைத்தியம் வேற, பெட்ரோல் போற பொடி ஓட்டையுள்ள ஜெட்டைப் பாக்கணும், கார்ப்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்குற ரப்பர்ல வெடிப்பு இருக்கான்னு பாக்கணும். ‘நீர்த்த கலவை’ன்னு எழுதி வச்சா படிக்கிற பையன் வடிச்சுக்கிட்டேதான் இருப்பான்.

இலங்கை நண்பர் லீனுக்குச் சொன்ன ‘ஐதான’ (அடர்த்தி கம்மின்னு அர்த்தம்) இதுக்கு எவ்வளவோ தேவலை, தண்ணி வாடையே இல்ல. ஆனா இந்தப் பக்கம் ஒரு மெக்கானிக்கிட்ட போய் ‘அண்ணே கலவை ஐதா இருக்கு’ன்னு சொன்னா நம்மள ஒரு மாதிரி பாப்பாரு.

நான் சொல்ல வர்ற சொல்லு எனக்கு ஒரு பட்டறையில கிடைச்சது. போன வருஷம் என் பழைய 100 சிசி வண்டி நாலு மாசம் சும்மா நின்னுது, அப்புறம் எடுத்தா சோக் (காத்தை அடைச்சு பெட்ரோலைத் தூக்கிக் காட்டுறது) போட்டாதான் ஓடுது, சோக்கை எடுத்தா ஆஃப் ஆகுது, ஆக்சிலேட்டரை விட்டா சைலன்சர்ல பட்பட்னு வெடிக்குது. பிளக்கைக் கழட்டினா வெள்ளைவெளேர்னு இருக்கு. முதல்ல போன இடத்துல புது பிளக், புது ஏர் ஃபில்டர்னு மாத்தி காசு வாங்கினதுதான் மிச்சம். ரெண்டாவதா பாத்த பெரியவர் வெடிக்கிற சத்தத்தைக் கேட்டுட்டு ‘சோக் போட்டா சரியாவுதுன்னா பெட்ரோல் பத்தலப்பா, குறைச்சலா போவுது’ன்னு சொல்லி மெதுவா ஓடுறப்ப பெட்ரோல் விடுற பைலட் ஜெட்டைக் கழட்டி வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுக் காட்டினாரு, ஓட்டையே தெரியல, நின்ன பெட்ரோல் காஞ்சு பிசின் மாதிரி அடைச்சுக்கிச்சு. நான் கம்பி எடுத்து நீட்டினேன், கையைத் தட்டி விட்டுட்டாரு. பித்தளை, குத்தினா ஓட்டை பெருசாயிடுமாம். காத்தடிச்சு சுத்தம் பண்ணி மாட்டி, கலவையைக் கூட்டிக் குறைக்கிற ஸ்க்ரூவைத் திருகி, ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து பிளக்கைப் பாத்தா ஒரே கரி. ‘அட, இப்ப தூக்கலா போச்சே’ன்னு சிரிச்சுக்கிட்டே கால் திருகு வெளிய எடுத்தாரு, சரியாயிடுச்சு.

உப்பு தூக்கல், காரம் குறைச்சல்னு நாம தினம் சொல்றதுதானே. அதனால ரிச் = தூக்கல் கலவை, லீன் = குறைச்சல் கலவை. எடைக்கணக்குல பெட்ரோல் 1 பங்குக்கு காத்து 14.7 பங்கு இருந்தா மிச்சமில்லாம எரியும், காத்து அதைவிட ஏறினா குறைச்சல், இறங்கினா தூக்கல். எழுதிப் பாத்தேன் சொல்லு வளையுது: ‘ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தா உள்ள திருகத் திருக தூக்கலாகும், இன்ஜின் பக்கம் இருந்தா உள்ள திருகத் திருக குறைச்சலாகும்.’ ‘மேட்டுப்பாளையத்துல சரியா ஓடின வண்டி ஊட்டி போனதும் தூக்கலாயிடும், மேல காத்து லேசு.’ ‘தனி எத்தனாலுக்கு 9 பங்கு காத்தே போதும், அதனால பெட்ரோலுக்கு வச்ச ஜெட்டுல இ20 (20% எத்தனால் கலந்த பெட்ரோல்) ஊத்தினா கொஞ்சம் குறைச்சலா ஓடும்.’ இதுலயே ‘செறிந்த’, ‘நீர்த்த’ போட்டுப் படிச்சுப் பாருங்க.

> சமையல்கட்டுச் சொல்லைப் பொறியியலுக்குக் கொண்டு வர்றது மரியாதையா இருக்குமா?

ரிச், லீன் மட்டும் என்னங்க ஆய்வகத்துலயா பொறந்துச்சு, அங்கயும் பணக்காரனும் ஒல்லிப்பிச்சானும்தானே. சோக்குன்னா மூச்சை நெரிக்கிறது, அதை யாரும் கேக்கலையே.

‘குறைச்சல்’க்கு பதிலா ‘மட்டு’ போடலாம்னு நானே முதல்ல நினைச்சேன், உப்பு மட்டா இருக்குன்னு எங்க வீட்ல சொல்லுவாங்க. ஆனா மட்டுக் கலவைன்னா மட்டமான கலவைன்னு, கலப்பட பெட்ரோல்னு எடுத்துக்குவாங்க, விட்டுட்டேன். ஒரு எச்சரிக்கை, ‘கலவை’ங்குற சொல்லை விடாம போடணும். வெறுமனே ‘பெட்ரோல் குறைச்சல்’னா ரிசர்வுக்கு வந்துடுச்சுன்னு அர்த்தமாயிடும்.

அப்புறம் சேம்பர் நிரம்பினதும் பெட்ரோலை நிறுத்துற ஃப்ளோட் நீடில் மாட்டிக்கிட்டு ஓவர்ஃப்ளோ ட்யூப்ல பெட்ரோல் ஊத்துதே, அதுக்கு ‘வெள்ளம்’னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க. வண்டிக்காரங்க ஏற்கனவே ‘வழியுது’ன்னுதான் சொல்றாங்க, ‘வழிதல்’ போதும்னு படுது. அதுக்கு மறுப்பு இருந்தா தனி இழையா ஆரம்பிங்க, பட்டியல்ல ‘நீர்த்த’வை எடுத்துட்டு அந்த இடத்தைக் காலியாவாவது வைங்க.

அன்புடன்,
100 சிசிக்காரன்