பதில்: பதில்: கண்மாய் நிதி, போர் போடுறதுக்கு முன்னாடி வரத்துக்கால்

எல்லாருக்கும் வணக்கம். சின்னத்தா கருமாதிக்குப் போய்ட்டு போன வாரம்தான் தோஹா திரும்புனேன். ஆளுக்குப் பத்தாயிரம் போட்டு கண்மாய்க்குள்ள ரெண்டு ஆழ்துளைப் போர் இறக்கி கடைமடை வயலுக்குத் தண்ணி குடுப்போம்னு அத்தான் எழுதியிருக்காங்க. நான் பாத்ததச் சொல்லிடுறேன், அப்புறம் பணத்தப் பத்திப் பேசுவோம்.

மழை நல்லாத்தான் பெஞ்சிருக்கு, ஆனா கண்மாய்ல முழங்கால் தண்ணி இல்ல. கண்மாய்க்குத் தண்ணி கொண்டு வர்ற வரத்துக்கால்லயே நடந்து போனேன். ரோட்டுப் பாலம் வரைக்கும் வாய்க்கால் வாய்க்கால் மாதிரி இருக்கு, அதுக்கு மேல ரெண்டு பக்கமும் வரப்பத் தள்ளித் தள்ளி ஒரு எடத்துல நான் ஒரே எட்டுல தாண்டிட்டேன். அப்பா காலத்துல மாட்டுவண்டி எறங்கி ஏறுன எடம் அது. மிச்சத்த சீமைக்கருவேலம் மூடிக் கெடக்கு. தண்ணியே வராத கண்மாய்ல போர் போட்டா எங்கிருந்து ஊறும்?

நம்ம ராமநாதபுரம் சீமையில கீழ உப்புத்தண்ணி, அதுக்கு மேல மழையில எறங்குன நல்ல தண்ணி மெலிசா நிக்குது. கண்மாய் பெருகுன வருசம், அந்தத் தண்ணி பாயுற ஆயக்கட்டு வயல்ல இருக்குற கெணறெல்லாம் இனிக்கும். ஊறல் இல்லாம மோட்டார் வச்சு இழுத்தா உப்பு மேல ஏறிரும். மேலத்தெருக் கெணத்துத் தண்ணிய வாயில வச்சுப் பாத்தேன், கரிக்குது. அதக் குடிச்சு வளந்தவ நான்.

இன்னொண்ணு, மடைத்தண்ணி ஆயக்கட்டுக்காரங்க எல்லாருக்கும் முறைப்படி வரும், நீர்பாய்ச்சி பாத்துத் திருப்புவாரு. பூமிக்குள்ள இருக்குற தண்ணி அப்படி இல்ல, 1882 ஈஸ்மென்ட் (வசதியுரிமை) சட்டத்துல இருந்தே நிலத்துக்காரன் எடுத்துக்கலாம்னுதான் இருக்கு. தமிழ்நாட்டுல 2003ல நிலத்தடி நீருக்குன்னு ஒரு சட்டம் போட்டாங்க, அமலுக்கே வராம 2013ல ரத்து பண்ணிட்டாங்க. அதனால ஆழமாப் போட்டவனுக்குத்தான் தண்ணி. நாம பொதுவுல ரெண்டு போர் போட்டா பக்கத்துப் பட்டாவுல அவங்க அதவிட ஆழமா நாலு போடுவாங்க. கண்மாய விட்டுட்டா நமக்குப் பொதுவா வேற எதுவும் இல்ல.

வரத்துக்கால் புலப்படத்துல (சர்வே வரைபடம்) ஓடைப் புறம்போக்குன்னுதான் இருக்கு. மொதல்ல சர்வேயர வச்சு அளந்து கல் நடுவோம். நம்ம ஆயக்கட்டு நூறு ஏக்கருக்கு மேல, பஞ்சாயத்து யூனியன் கண்மாய் இல்ல, நீர்வளத்துறை கண்மாய், அதனால 2007 ஏரிப் பாதுகாப்புச் சட்டப்படி கண்மாய் எல்லையவும் அளக்கச் சொல்லிக் கேக்கலாம். கண்மாய் உள்வாயில வண்டல் பூசுன தரையாட்டம் இறுகிக் கெடக்கு, அத வெட்டுனாத்தான் தண்ணி எறங்கும். எல்லா எடத்துலயும் மடைக்கண்ணுக்கு (வயலுக்குத் தண்ணி போற தொளை) கீழ தோண்டிறக் கூடாது, அந்தத் தண்ணி வயலுக்கு ஏறாது.

---

நியூஜெர்சியில இருந்து பெரியண்ணன்.

தங்கச்சி எழுதுனது சரி. ஆனா 2017ல குடிமராமத்துக்கு (ஊர்க்காரங்களச் சேத்துக் கண்மாய் சீர் பண்ற அரசுத் திட்டம்) ஊர்ப் பங்கு 10 சதவீதம்னு வசூல் பண்ணோமே, அந்தக் கணக்கு இன்னும் இந்தக் குழுவுக்கு வரல. நான் அப்பவே மூணு தடவ கேட்டேன். இப்ப நான் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியாச்சு, ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளிக்குக் குடுக்குறது) இருந்தாலும் எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி என் பணம் வெளிநாட்டுப் பணம், நம்ம ஊர்ச் சங்கத்துக்கு அந்தப் பதிவு கெடையாது. இந்தியப் பாஸ்போர்ட்ல இருக்குறவங்க சொந்த சம்பாத்தியத்த பேங்க் வழியா அனுப்பலாம். மச்சினன் அக்கவுண்டுல போட்டுச் சுத்தி விடுற வேலை வேண்டாம், பழைய ரசீது வராம யாரும் ஒத்த ரூபா அனுப்பாதீங்க.

---

அத்தான், சிங்கப்பூர்.

அண்ணே, அந்த ரசீது என்கிட்ட இல்ல, வடக்கு வீட்டுல இருக்கு, அது ஏன் அங்க போச்சுன்னு உங்களுக்கே தெரியும். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய நாரை பறக்காத 48 மடைன்னு சொல்லுவாங்க, நம்மது மூணே மடை, ஆனா எங்கய்யா கலுங்குல (மிஞ்சுன தண்ணி வழியுற எடம்) ராக்காவல் படுத்த காலத்துல கடைமடை காஞ்சதில்ல. அந்த வீட்டுப் புள்ள நான், பக்கத்து ஊர்க்காரன் போர் போட்டுப் பருத்தி எடுக்குறதப் பாத்துத்தான் எழுதுனேன்.

புள்ள, ஒரே எட்டுல தாண்டுனேன்னு எழுதுனியே, அது யாரு வரப்புன்னு தெரிஞ்சும் எழுதாம விட்டிருக்க. எங்க சித்தப்பா வயல் அது, இப்ப பட்டா என் பேர்ல இருக்கு. நான் இங்க இருந்துக்கிட்டு வருசா வருசம் குத்தகை வாங்கிட்டுத்தான் இருக்கேன். நீ அத மறைச்சது எனக்குத்தான் கஷ்டமாப் போச்சு.

---

தோஹாவுல இருந்து தங்கச்சி.

அத்தான், சித்தப்பாதான் எனக்குக் கல்லூரிக்குப் பணம் கட்டுனாங்க, அதனாலதான் அத எழுதக் கை வரல. நீங்களே உங்க பட்டாவ அளக்கச் சொல்லி தாலுகா ஆபீஸ்ல மனு குடுங்க, வரப்பத் தள்ளுன மத்த நாலு பேரும் அதுக்கப்புறம் மறுத்துப் பேச முடியாது. சர்வே கட்டணம் என்னுது, செலான் நகல இங்கயே போடுறேன். பெரியண்ணே, வடக்கு வீட்டு அத்தைகிட்ட ரசீது நோட்டு நான் கேக்குறேன், என்மேல அவங்களுக்குக் கோவம் இல்ல.