வரவேற்பில் ஒலிக்க வேண்டியது எங்கள் பட்டியலா, டி.ஜே.யின் கணிப்பா?

கோவை மணப்பெண்:
வணக்கம். வரும் தை மாதம் எனக்குத் திருமணம். முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மாலை வரவேற்பு. 7 மணியிலிருந்து 10 மணி வரை டி.ஜே. ஏற்பாடு செய்திருக்கிறோம். நானும் மாப்பிள்ளையும் சேர்ந்து 85 பாடல்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தோம். அதைப் பார்த்த டி.ஜே., “கட்டாயம் வேண்டும் என்று 15 பாடல்களை மட்டும் குறித்துக் கொடுங்கள், மற்றதைக் கூட்டத்தைப் பார்த்து நான் முடிவு செய்துகொள்கிறேன்” என்கிறார். பணம் கொடுப்பது நாம், நமக்குப் பிடித்த பாட்டைப் போடுவதற்கும் அவரிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்று மாப்பிள்ளைக்குக் கோபம். பழைய பாடல்கள் இல்லாவிட்டால் பெரியவர்கள் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுவார்கள் என்பது அப்பாவின் கவலை. பட்டியல் விஷயத்தில் நாங்கள் எந்த அளவுக்கு உறுதியாக நிற்கலாம்?

மதுரை ஒலிமேடை:
சகோதரிக்கு வணக்கம். நானும் இதே தொழிலில் இருப்பவன்தான். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஒரு திரைப்பாடல் நான்கரை நிமிடம் ஓடுவதாக வைத்துக்கொண்டால், மூன்று மணி நேரத்தில் 40 பாடல்கள்தான் முழுமையாக ஒலிக்கும். பாதியில் வெட்டி வெட்டி 85-ஐயும் ஓட்டிவிடலாம். ஆனால் ஆடுகிறவர்களுக்குத் தாளம் பிடிபடுவதற்குள் பாட்டு மாறிவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல், நம் ஊர் வரவேற்பில் முதல் இரண்டு மணி நேரம் மணமக்களால் மேடையை விட்டு இறங்கவே முடியாது என்பது. மொய்க் கவரோடும் பரிசோடும் நிற்கும் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். நீங்களோ புகைப்படக்காரர் சொல்லும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பிச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். ஆசையாகச் சேர்த்த பாடல் எட்டேகாலுக்கு ஒலித்தால் அது உங்கள் காதில் விழுந்ததா என்பதுகூட உங்களுக்குத் தெரியாது. எனவே எந்தப் பாடல்கள் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எந்த நேரத்தில் என்பதை அவரிடம் விட்டுவிடுங்கள். பந்தி நடக்கும் வரை உங்கள் அப்பா கேட்கும் பழைய மெல்லிசை குறைந்த ஒலியில் போகட்டும், முன்வரிசையில் இருப்பவர்கள் நெடுநாள் கழித்துச் சந்தித்த உறவினரோடு பேச வேண்டாமா? வரிசை குறைந்து நீங்கள் கீழே இறங்கிய பிறகு கட்டாயப் பாடல்கள் தொடங்கட்டும்.

இருவருக்கும் நெருக்கமான பாடல்கள் பெரும்பாலும் மெதுவானவையாக, இரவில் இயர்போனில் கேட்டவையாக இருக்கும். அப்படி மூன்றை அடுத்தடுத்துப் போட்டால் ஆடுமிடம் காலியாகிவிடும். இரண்டு குத்துப்பாட்டுகளுக்கு நடுவே ஒன்றை வைத்தால், மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பவர்களே அதைச் சேர்ந்து பாடுவார்கள். அந்த இடம் எது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க முடியாது.

திருச்சி அம்மா:
மேலே எழுதிய தம்பி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘கூட்டத்தைப் பார்த்து’ என்று சொல்லும் எல்லோரும் முழுக் கூட்டத்தையும் பார்ப்பதில்லை. என் மகனின் வரவேற்புக்கு வந்த டி.ஜே., மேடைக்கு முன்னால் ஆடிய ஏழெட்டு இளைஞர்களையே கூட்டம் என்று எடுத்துக்கொண்டார். நாற்காலிகளில் இருந்தவர்கள் அவர் கண்ணில் படவில்லை. என்னைக் கேட்டால், கட்டாயப் பாடல்களைக் காட்டிலும் போடவே கூடாத பாடல்களின் பட்டியல்தான் முக்கியம், அதில் டி.ஜே.யின் விருப்பத்துக்கு இடமே இருக்கக் கூடாது. தாளம் நன்றாக இருக்கிறது என்பதற்காகக் காதல் தோல்விப் பாடல்களையும், பெண்ணைத் திட்டும் சூப் பாடல்களையும் கல்யாண வீட்டில் போடுகிறார்கள். ஆடுகிறவர்கள் தாளத்தைக் கேட்கிறார்கள்; உட்கார்ந்திருக்கும் சம்பந்தி வீட்டார் வரிகளைக் கேட்கிறார்கள். உன் பட்டியலிலும் அப்படி ஒன்றிரண்டு இருக்கலாம் அம்மா, இருவரும் ஒருமுறை வரிகளைக் கவனித்துக் கேட்டுப் பாருங்கள்.

தஞ்சை மண்டபம்:
மண்டப நிர்வாகத்தில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: தகராறு மணமக்களின் பட்டியலால் வருவதில்லை. ஒன்பது மணிக்கு மேல் கைப்பேசியை நீட்டிக்கொண்டு டி.ஜே.யைச் சூழ்ந்துகொள்ளும் நண்பர்களாலும் பங்காளிகளாலும்தான் வருகிறது. சாதிப் பெருமை பேசும் பாட்டு ஒன்றோ கட்சிப் பாட்டு ஒன்றோ ஒலித்துவிட்டால், எதிர்த்தரப்பு தன் பாட்டைக் கேட்கும். மறுத்தால் வாக்குவாதம், சில சமயம் கைகலப்பு. “குடும்பத்தார் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்” என்று டி.ஜே. காட்டுவதற்கு ஒரு தாள் கையில் இருந்தால் அவருக்கும் பாதுகாப்பு. நேயர் விருப்பம் எல்லாம் ஒரே ஆள் வழியாகப் போகட்டும். அதட்டிச் சொல்லக்கூடிய தாய்மாமன் யாராவது இருந்தால் நல்லது.

நேரத்தையும் மறக்க வேண்டாம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. மூடிய அரங்கின் உள்ளே என்றால் விலக்கு இருக்கிறது, புல்வெளிக்கும் மொட்டை மாடிக்கும் அது பொருந்தாது.

கோவை மணப்பெண்:
அனைவருக்கும் நன்றி. எங்களுடையது புல்வெளி வரவேற்புதான், அதனால் பத்து மணிக் கணக்கை நாங்கள் யோசித்தே ஆக வேண்டும். கட்டாயப் பாடல்களை 20 ஆக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். மாப்பிள்ளையும் அரை மனதோடு சம்மதித்திருக்கிறார். நாங்கள் நடந்து வரும்போது ஒலிக்க வேண்டிய பாடலில் மட்டும் அவர் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அதன் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரு நிமிடம் புல்லாங்குழல் வருகிறது, அதை வெட்ட வேண்டும் என்று டி.ஜே. சொல்கிறார்.

மதுரை ஒலிமேடை:
நுழைவாயிலிலிருந்து மேடைக்கு நடக்க ஒரு நிமிடம்தான் ஆகும் என்றால், பல்லவி தொடங்குவதற்குள் நீங்கள் மேடையில் நின்றுகொண்டிருப்பீர்கள். மாப்பிள்ளைக்குக் குழல்தான் பிடிக்கும் என்றால் அதை வெட்ட வேண்டாம். குழல் முடியும் வரை நுழைவாயிலிலேயே நின்று, பல்லவி எழும்போது நடக்கத் தொடங்குங்கள், வீடியோக்காரரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். 20 பாடல்கள் என்றால் டி.ஜே. மறுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். யூடியூப் சுட்டிகளாக அனுப்பாமல், படத்தில் வரும் வடிவமா, இசைத்தொகுப்பில் உள்ள வடிவமா, ரீமிக்ஸா என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதிப் பத்து நாளுக்கு முன்பே கொடுங்கள். கூட்டம் சேர்ந்த இடத்தில் கைப்பேசி இணையத்தை நம்பி எந்த டி.ஜே.யும் பாட்டுத் தேட விரும்ப மாட்டார்.